ரூம்மேட்டுக்கு பெயில் பாண்டில் கோ-சைன் போடலாமா? நல்ல லாயரை எப்படிப் பிடிப்பது? (டல்லாஸ் பக்கம்)

புளியமரத்தடி (சனிக்கிழமை காலை):

வணக்கம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிஸ்கோவில் நானும் இன்னொருவரும் மூன்று வருஷமாக ஒரே அபார்ட்மெண்டில் இருக்கிறோம். இரண்டு பேருமே எச்1பி வேலை விசாவில். நேற்று அவர் ஆபீஸ் பார்ட்டி முடிந்து காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், சிவப்பு சிக்னலைக் கவனிக்காமல் போய்க் குறுக்கே வந்த காரில் மோதிவிட்டார். அந்தக் காரை ஓட்டி வந்த பெண்ணுக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்திருக்கிறது. இவருக்கு ஒரு கீறல் கூட இல்லை. போலீஸ் இவரைக் கோட்டில் நடக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்து, அப்படியே உள்ளே வைத்துவிட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெயிலிலிருந்து எனக்கு போன். சாதாரண டிடபிள்யூஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டியது) என்றுதான் நினைத்தேன், ஆனால் 'இன்டாக்சிகேஷன் அசால்ட்' (போதையில் ஓட்டி ஒருவருக்குப் பலத்த காயம் உண்டாக்கியது) என்று போட்டிருக்கிறார்கள். காலையில் மாஜிஸ்திரேட் 25,000 டாலர் பாண்ட் (ஜாமீன் தொகை) வைத்திருக்கிறார்.

கூகுளில் முதலில் வந்த ஒரு பாண்ட்ஸ்மேனை (கூலி வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கிறவர்) கூப்பிட்டேன். 2,500 கட்டி, நான் கோ-சைன் பண்ணினால் இன்று ராத்திரியே வெளியே எடுத்துவிடலாம் என்றார். என் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), லைசென்ஸ், கார் டைட்டில் (கார் என்னுடையது என்ற பத்திரம்) எல்லாம் கேட்கிறார். 'லாயருக்கு அலையாதீர்கள், நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார், அவரிடமே கொடுத்துவிடுங்கள்' என்றும் சொன்னார்.

இன்னொரு விஷயம். மூன்று வாரத்தில் அவருடைய தங்கைக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். டிக்கெட் போட்டாகிவிட்டது. அவருடைய அப்பா காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார், 'தம்பி எப்படியாவது வெளியே எடுத்துடுப்பா, நீதான் அங்க அவனுக்கு எல்லாம்' என்று.

என் கையில் 6,000 டாலர் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? அந்த 2,500 திரும்ப வருமா? என் விசாவுக்கு ஏதாவது ஆகுமா? லாயரை எங்கே தேடுவது? அவசரம்.

---

கொள்ளிடக்கரை:

தம்பி, முதலில் ஒரு காபி குடியுங்கள். இன்று ராத்திரி அவர் உள்ளே இருந்தால் உலகம் முடிந்துவிடாது. இப்போது அவசரத்தில் போடும் கையெழுத்துதான் இரண்டு வருஷத்துக்கு உங்களைத் துரத்தும். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் சித்தப்பா பையனுக்காக நான் போட்டேன், அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

அந்த 2,500 திரும்ப வராது. அது பாண்ட்ஸ்மேனுடைய கூலி. கேஸ் நாளைக்கே தள்ளுபடி ஆனாலும் வராது, இவர் ஒரு வாய்தா விடாமல் கோர்ட்டுக்குப் போனாலும் வராது. டெக்சாஸில் இத்தனை சதவீதம்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் நிர்ணயிக்கவில்லை, சந்தை விலைதான், பெரும்பாலும் 10 சதவீதம் கேட்பார்கள். நாலு பேரிடம் கேளுங்கள், தவணைக்கும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் முன்பணம் குறைவாகக் கேட்பவர் மீதியை எப்படி வசூலிக்கப் போகிறார் என்பதைப் படித்துவிட்டுச் சம்மதியுங்கள். கேஸ் இழுத்தால் வருஷா வருஷம் புதுப்பிக்கப் பணம் கேட்பீர்களா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஜாமீன்தாரர் என்றால் கோர்ட்டில் போய் நின்று கையெழுத்துப் போடுவார். இங்கே கோர்ட்டுக்கு ஜாமீன் நிற்பவர் அந்த பாண்ட்ஸ்மேன். அவருக்கு ஜாமீன் நிற்பவர் நீங்கள். அதாவது உங்கள் ரூம்மேட் ஒரு தேதியில் வராமல் போனால் கோர்ட் பாண்ட்ஸ்மேனிடம் 25,000 கேட்கும், பாண்ட்ஸ்மேன் உங்களிடம் கேட்பார். 2,500 இல்லை, முழு 25,000. அதோடு ஆளைத் தேடிப் பிடித்த செலவு, வக்கீல் செலவு எல்லாம் சேர்த்துக் கேட்கலாம் என்று அந்தப் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். என் கதையில் பையன் ஓடவெல்லாம் இல்லை. தேதியைத் தப்பாகக் குறித்துக்கொண்டு ஒரு நாள் தாமதமாகப் போனான், அவ்வளவுதான். வாரண்ட் போட்டுவிட்டார்கள். அதைச் சரிசெய்வதற்குள் பாண்ட்ஸ்மேன் ஆபீஸிலிருந்து என் வேலையிடத்துக்கே போன் வந்தது, ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அதை இன்னும் மறக்க முடியவில்லை.

உங்கள் விசாவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. இது உங்களுக்கும் ஒரு கம்பெனிக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தம், கடன் மாதிரி. பயம் பணத்துக்குத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் கேஷ் பாண்ட். முழு 25,000-ஐயும் நேராகக் கவுண்டியிடம் (இங்கே மாவட்டம் மாதிரி) கட்டுவது. பெரிய தொகைதான். ஆனால் இவர் எல்லாத் தேதிக்கும் ஒழுங்காகப் போனால் கேஸ் முடிந்ததும் கிட்டத்தட்ட முழுதும் திரும்பி வந்துவிடும், சின்ன நிர்வாகக் கட்டணம் பிடிக்கலாம். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். அண்ணன், மாமா என்று இங்கே யாராவது சொந்தம் இருந்தால் அவர்கள் சேர்ந்து புரட்டட்டும். 2,500 போனது போனதுதான் என்பதற்கும் 25,000 ஒரு வருஷம் முடங்கிக் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களிடம் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த டிக்கெட். கேன்சல் பண்ணச் சொல்லுங்கள், இன்றைக்கே. பாண்டில் வெளியே இருப்பவர் கோர்ட் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் நீங்கள் 25,000-க்குத் தயாராக வேண்டியதுதான்.

---

மெக்கின்னி மல்லிகா:

நான் ஒரு கிரிமினல் லாயர் ஆபீஸில் பாராலீகலாக (வக்கீலுக்கு உதவியாளர்) ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் மாதிரி போன்கள் எங்களுக்குத் திங்கட்கிழமை காலையில் வரிசையாக வரும்.

அந்த பாண்ட்ஸ்மேன் 'நம்ம ஆள் ஒருத்தர்' என்று சொன்னார் இல்லையா, அந்த இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். டெக்சாஸில் பாண்ட் எழுதுகிறவர் தன் வாடிக்கையாளருக்குக் குறிப்பிட்ட ஒரு லாயரைப் பரிந்துரைக்கவே கூடாது, ஆக்குபேஷன்ஸ் கோடு என்ற தொழில் சட்டத்தில் நேராகத் தடை இருக்கிறது. புளோரிடா, கலிபோர்னியாவிலும் இப்படித்தான். தெரிந்தே இதை மீறுகிறவர் வேறு எதையெல்லாம் மீறுவார் என்று யோசியுங்கள். பெரிய கவுண்டிகளில் பெயில் பாண்ட் போர்டு என்று ஒன்று இருக்கும், லைசென்ஸ் கொடுப்பது அவர்கள்தான், பட்டியலும் அவர்களிடம் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத ஆளிடம் ஒரு டாலர் கொடுக்காதீர்கள்.

லாயரைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்தக் கவுண்டி? பிரிஸ்கோ ஊர் காலின் கவுண்டியிலும் டென்டன் கவுண்டியிலும் பாதிப் பாதியாகக் கிடக்கிறது. விபத்து எந்தப் பக்கம் நடந்ததோ அந்தக் கவுண்டியில்தான் கேஸ் நடக்கும். காலின் என்றால் மெக்கின்னி, டென்டன் என்றால் டென்டன் ஊர். ஜெயிலுக்கு போன் போட்டுக் கேட்டால் சொல்வார்கள், இணையத்திலும் பெயர், பிறந்த தேதி போட்டுப் பார்க்கலாம். 'லோக்கல் லாயர்' என்று சொல்வதே இதற்குத்தான். டவுன்டவுன் டல்லாஸில் பெரிய போர்டு மாட்டியிருப்பவரைவிட, அந்தக் கவுண்டி கோர்ட்டில் வாரத்துக்கு நாலு நாள் நிற்கிறவர் மேல். எந்த ஜட்ஜ் எந்த நிபந்தனை போடுவார், எந்த பிராசிக்யூட்டரிடம் (அரசுத் தரப்பு வக்கீல்) எப்போது பேசினால் காது கொடுப்பார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஸ்டேட் பார் ஆஃப் டெக்சாஸ் தளத்தில் பெயரைப் போட்டால் அந்த லாயருக்கு லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்று வந்துவிடும். கிரிமினல் லாவில் போர்டு சர்டிஃபைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது தானாகப் போட்டுக்கொள்ளும் பட்டம் கிடையாது, தனியாகப் பரீட்சை எழுதி வாங்குவது. சர்டிஃபைடு இல்லாத நல்ல லாயர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் இது ஃபெலனி (பெரிய குற்றம்) கேஸ். இரண்டு முதல் பத்து வருஷம், 10,000 டாலர் வரை அபராதம் என்று இருக்கிற பிரிவு. டிராஃபிக் டிக்கெட் பார்க்கிறவரிடம் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். யாரையுமே தெரியாது என்றால் ஸ்டேட் பாரின் ரெஃபரல் சேவை இருக்கிறது, 20 டாலருக்கு முதல் அரை மணி நேரம் பேசலாம்.

குறைந்தது மூன்று பேரிடம் பேசுங்கள். பேசும்போது நான் கேட்கச் சொல்வது: இந்தக் கவுண்டியில் இந்தப் பிரிவில் கடைசியாக எப்போது கேஸ் நடத்தினீர்கள், கோர்ட்டுக்கு நீங்களே வருவீர்களா இல்லை ஜூனியரா, சொல்லும் தொகையில் டிரையல் சேர்ந்ததா. கடைசிக் கேள்விதான் முக்கியம். நிறைய லாயர்கள் ஒரு முழுத்தொகை சொல்வார்கள், அது டிரையலுக்கு முன்னால் வரைக்கும்தான் இருக்கும், டிரையல் என்றால் தனி. எழுத்தில் வாங்குங்கள். 'நான் தள்ளுபடி பண்ணிக் கொடுக்கிறேன்' என்று முதல் போனிலேயே சத்தியம் பண்ணுகிறவரை விட்டுவிடுங்கள். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வருவதற்கு முன்னால் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

இன்னும் ஒன்று, டெக்சாஸில் பலருக்குத் தெரியாது. கேஸை எடுத்துக்கொள்ளும் லாயரே தன் கட்சிக்காரருக்கு பாண்ட் எழுதலாம், தனியாக பாண்ட்ஸ்மேன் லைசென்ஸ் தேவையில்லை. எல்லோரும் செய்ய மாட்டார்கள், ஆனால் கேட்டுப் பாருங்கள். தொகையைக் குறைக்கச் சொல்லி மனுப் போடவும் முடியும். அதற்குச் சில நாள் ஆகும், அவர் அதுவரை உள்ளே இருக்க வேண்டும்.

பணமே இல்லை என்றால் கோர்ட்டே லாயர் வைத்துக் கொடுக்கும். பெயிலில் வந்துவிட்டால் அது கிடைக்காது என்று ஒரு வதந்தி உண்டு. பெயில் கட்டினார் என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது. ஆனால் எச்1பி சம்பளத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள், அது வேறு கதை.

மிக முக்கியமானது: ஜெயில் போனில் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. எல்லாம் பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. 'சாப்பிட்டியா, மாத்திரை இருக்கா' அவ்வளவுதான்.

---

சிகாகோ சின்னப்பா:

எங்கள் இல்லினாயில் இந்தக் கூத்தே இல்லை. 2023 செப்டம்பர் 18-இலிருந்து பணம் கட்டி வெளியே வருவது என்பதே கிடையாது, ஜட்ஜ் விடுவார் இல்லாவிட்டால் வைத்துக்கொள்வார். மனுஷனைப் பிடித்து வைத்துவிட்டு 10 சதவீதம் கூலி வாங்குகிற தொழில் உலகத்திலேயே வேறெங்கும் இப்படி இல்லை.

---

கொள்ளிடக்கரை:

சின்னப்பா, பிலிப்பைன்ஸிலும் இருக்கிறது. கென்டக்கி 1976-லேயே பாண்ட்ஸ்மேன்களை ஒழித்துக்கட்டிவிட்டது, ஓரிகன், விஸ்கான்சினிலும் இல்லை, நியூஜெர்சி 2017-லிருந்து பெரும்பாலும் பணமில்லாமல் நடத்துகிறது. எல்லாம் சரிதான், ஆனால் பிள்ளை மாட்டியிருப்பது டெக்சாஸில். அவருக்கு உதவுகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

---

வடபழனி டூ ஆஸ்டின்:

ஒருத்தரும் ரூம்மேட்டுடைய விசா பக்கத்தைச் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். 2019-இல் எனக்கே நடந்தது, யாரையும் இடிக்கவில்லை, சும்மா டிடபிள்யூஐ.

பாண்ட் கட்டுவதற்கு முன்னால் ஜெயிலுக்கு போன் பண்ணி 'ஹோல்ட் ஏதாவது இருக்கிறதா' என்று கேளுங்கள். இமிகிரேஷன் டிடெய்னர் போட்டிருந்தால் நீங்கள் பாண்ட் கட்டினாலும் ஆள் வீட்டுக்கு வரமாட்டார், ஐஸ் (ICE) என்கிற இமிகிரேஷன் அமலாக்கத் துறைக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போவதற்காக வைத்திருப்பார்கள். அங்கே தனியாக இமிகிரேஷன் பாண்ட், அது வேறு கணக்கு, சட்டப்படி 1,500 டாலருக்குக் குறையாது. ஸ்டேட்டஸ் சரியாக இருக்கிற எச்1பிக்கு முதல் நாளே டிடெய்னர் போடுவது அபூர்வம்தான், ஆனால் கேட்காமல் 2,500 கொடுத்துவிட்டு முழிக்கக்கூடாது.

அடுத்தது, கைதானாலே போதும், தீர்ப்பு வரவேண்டியதில்லை, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்பைத் தூதரகம் ரத்து செய்யலாம். எனக்கு மூன்று மாதம் கழித்து ஈமெயில் வந்தது, ஸ்பேம் என்று நினைத்து அழிக்கப் பார்த்தேன். ஐ-94 (எதுவரை தங்கலாம் என்று நாட்டுக்குள் வரும்போது கொடுக்கும் பதிவு) செல்லுபடியாகும் வரை இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் ஊருக்குப் போனால் திரும்பி வரப் புதிதாக ஸ்டாம்பிங், அதற்கு முன்னால் அவர்கள் சொல்லும் டாக்டரிடம் மெடிக்கல். குடிப்பழக்கம் இருக்கிறதா என்று அந்த டாக்டர் கேட்கிற கேள்விகள் இருக்கின்றனவே, என் அம்மா கூட அப்படிக் கேட்டதில்லை. அதனால் கல்யாணத்துக்குக் கோர்ட்டே அனுமதி கொடுத்தாலும் போனவர் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. அங்கே மாட்டிக்கொண்டு இங்கே கோர்ட் தேதியைத் தவறவிட்டால்? வராமல் போனது தனிக் குற்றம், அதுவும் ஃபெலனி கேஸில் தவறினால் அந்தக் குற்றமும் ஃபெலனி.

இமிகிரேஷன் லாயர் ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள். கிரிமினல் லாயரும் அவரும் பேசிக்கொள்ள வேண்டும். குற்றத்தை ஒத்துக்கொண்டால் நாடுகடத்தலாமா என்பதைக் கிரிமினல் லாயர் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் சுப்ரீம் கோர்ட் படில்லா வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் 'சின்ன கேஸாக மாற்றித் தருகிறோம், ஒத்துக்கொள்' என்று வரும்போது அந்தச் சின்ன கேஸ் கிரீன் கார்டுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். நாளைக்கு ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) போடும்போது எல்லாக் கைதையும் சொல்ல வேண்டும், தள்ளுபடியானதையும்.

லைசென்ஸ் விஷயம். அவர் கையில் சஸ்பென்ஷன் நோட்டீஸ் கொடுத்திருந்தால் 15 நாளுக்குள் ஏஎல்ஆர் ஹியரிங் (லைசென்ஸ் சஸ்பென்ஷனை எதிர்த்துக் கேட்கும் விசாரணை) கேட்க வேண்டும், கேட்காவிட்டால் லைசென்ஸ் தானாகப் போய்விடும். கிரிமினல் கேஸோடு இதற்குச் சம்பந்தமில்லை, தனியாக ஓடும் கடிகாரம். நான் 17-வது நாள்தான் லாயரைப் பார்த்தேன்.

அவர் கேட்டால் இந்தியத் தூதரகத்துக்கும் ஜெயில்காரர்கள் தெரிவிக்க வேண்டும், நமக்கு ஹூஸ்டன். பணம் தரமாட்டார்கள். ஆனால் ஊரில் இருக்கிற அப்பாவுக்கு அதுவே ஒரு தெம்பு.

---

ரெண்டாம் ஆட்டம்:

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்வேன். போடாதீர்கள்.

மூன்று வருஷம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டதற்கும் 25,000 டாலருக்கும் சம்பந்தமில்லை. எனக்கு என் ரூம்மேட்டைப் பத்து வருஷமாகத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். வேலை போன அன்றைக்குத்தான் அவனைத் தெரிந்தது. உங்கள் ஆளுக்கு இப்போது வேலையும் ஆட்டம் காணும், விசாவும் ஆட்டம் காணும், ஊரில் தங்கை கல்யாணம். இந்த மூன்றும் சேர்ந்தால் நல்லவனும் விமானம் ஏறுவான். அவன் கெட்டவன் என்று சொல்லவில்லை, பயந்தவன் என்கிறேன். 'நீதான் எல்லாம்' என்று அப்பா சொன்னாரே, அந்த வார்த்தைக்குத்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம்.

---

மெக்கின்னி மல்லிகா:

கசப்பாக இருந்தாலும் நியாயம்தான். ஒரு நடுவழி சொல்கிறேன். கோ-சைன் போட்டே ஆக வேண்டும் என்றால் தனியாகப் போடாதீர்கள், அவருடைய சொந்தக்காரர் ஒருவரும் கூடப் போடட்டும். கார் டைட்டிலைக் கொடுக்காதீர்கள். வாங்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் கேளுங்கள். அடமானமாக ஏதாவது கொடுத்தால் கேஸ் முடிந்து பாண்ட் விடுவிக்கப்பட்டதும் அது திரும்ப வரும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மீறினாலும் பாண்ட் போகும். இந்தப் பிரிவில் காரில் இக்னிஷன் இன்டர்லாக் கட்டாயம் போடச் சொல்வார்கள், ஊதினால்தான் வண்டி கிளம்பும். குடிக்கக் கூடாது. ஊரை விட்டுப் போகக் கேட்க வேண்டும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும் சொல்லலாம். அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளக் கூடாது என்றும் இருக்கும். உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பூங்கொத்து, மன்னிப்புக் கடிதம், பேஸ்புக் மெசேஜ், எதுவும் வேண்டாம். மனசு கேட்காது, தெரியும். இப்போதைக்கு அவருடைய கார் இன்சூரன்சுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அதையும் லாயரிடம் கேட்டுவிட்டு.

---

புளியமரத்தடி (சனி மாலை):

எல்லோருக்கும் நன்றி. ஜெயிலுக்குக் கூப்பிட்டேன், காலின் கவுண்டிதான், ஹோல்ட் எதுவும் இல்லை என்றார்கள். நியூஜெர்சியில் அவருடைய பெரியப்பா மகன், அண்ணன் ஒருவர் இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது, அப்பாவிடம் கேட்டபோதுதான் சொன்னார். ஏதோ பழைய மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லையாம். நானே கூப்பிட்டேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் 'எவ்வளவு' என்று மட்டும் கேட்டார்.

ஒரு சந்தேகம். கேஷ் பாண்ட் என்றால் நோட்டாகவே கொண்டுபோக வேண்டுமா?

---

கொள்ளிடக்கரை:

வேண்டாம் தம்பி, பெட்டியில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் கேஷியர்ஸ் செக் (ஊரில் டிமாண்ட் டிராஃப்ட் மாதிரி) அல்லது மணி ஆர்டர் வாங்குவார்கள், எந்தப் பெயருக்கு எடுக்க வேண்டும் என்று ஜெயிலின் பாண்ட் டெஸ்க்கில் கேட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். ஒரு எழுத்து தப்பினால் திருப்பி அனுப்புவார்கள். வங்கி திங்கட்கிழமைதான் திறக்கும் என்றால் இரண்டு ராத்திரி உள்ளே, அதை அவரிடம் போனில் நேராகச் சொல்லிவிடுங்கள், தெரியாமல் காத்திருப்பதுதான் கொடுமை.

அதோடு, இடையில் யாராவது 'நான் கோர்ட்டிலிருந்து பேசுகிறேன், பெயில் பணத்தை கிஃப்ட் கார்டில் அனுப்பு, ஆள் வந்து வாங்கிக்கொள்வார்' என்று கூப்பிட்டால் அது திருட்டு. கைதானவர் பட்டியல் வெளியே கிடைப்பதால் இப்படிக் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள்.

---

புளியமரத்தடி (புதன்):

கதை முடிவைச் சொல்லாமல் போகக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் ஞாயிறு ராத்திரி விமானத்தில் வந்துவிட்டார். வீடு வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து 20,000 அவர் போட்டார், 5,000 நான் கொடுத்தேன். ரசீது அவர் பெயரில். என் 5,000-க்கு 'கேஸ் முடிந்ததும் தருகிறேன் தம்பி' என்று ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்தான் சாட்சி, ரெண்டாம் ஆட்டம் இதைப் படித்துவிட்டுத் திட்டலாம். பாண்ட்ஸ்மேன் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே மூன்று லாயர்களுக்கு மெசேஜ் விட்டு வைத்தேன், இரண்டு பேர் அன்றைக்கே கூப்பிட்டார்கள். ஒருவர் கேட்டதற்கெல்லாம் 'கவலைப்படாதீர்கள்' என்றார். இன்னொருவர் மெக்கின்னியில் கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே ஆபீஸ், போர்டு சர்டிஃபைடு, இனிமையாகப் பேசவில்லை. 'ரத்த ரிசல்ட் வர மாதக் கணக்காகும், அதுவரை நான் எதையும் சொல்ல மாட்டேன், டிரையல் என்றால் தனித் தொகை' என்று மல்லிகா அக்கா சொன்னதை அப்படியே சொன்னார். அவரையே வைத்துக்கொண்டோம். ஏஎல்ஆர் கடிதம் செவ்வாய்க்கிழமையே போய்விட்டது, நாலாவது நாள். இமிகிரேஷன் லாயரோடு வெள்ளிக்கிழமை பேச நேரம் வாங்கியிருக்கிறோம்.

டிக்கெட்டை அவரே கேன்சல் பண்ணினார். அப்பாவுக்குக் கைதானது மட்டும்தான் தெரியும், கல்யாணத்துக்கு வரமுடியாது என்பதை அண்ணன்தான் பேசிச் சொல்லப் போகிறார். அந்தப் பெரியப்பா குடும்பத்தோடு பேசியே ஏழு வருஷமாகிறதாம்.

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குப் பணம் கட்டினோம். உடனே விட்டுவிடுவார்கள் என்று நினைத்து வண்டியை ஆஃப் பண்ணாமல் நின்றோம். இரவு பத்தரைக்குத்தான் வெளியே வந்தார். கையில் ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் பை, அதில் பெல்ட், பர்ஸ், சார்ஜ் இல்லாத போன், ஆபீஸ் பார்ட்டியில் கொடுத்த ஒரு பேனா. காரில் ஏறிப் பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம், 'அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?' என்று கேட்டார். லாயர் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.